சந்தனம் வைத்த பூட்டு

ஐயப்பன்தாங்கலில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்த வெளிநாட்டு இஞ்சினியர் குடும்பம், ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது. கட்டிலுக்கும் சோபாவுக்கும் அடித்துக்கொண்டவர்கள் யாரும் சமையலறையில் இருந்த அந்த ஓவனைச் சீண்டவில்லை. நான்தான் கேட்டேன். கேக் செய்து அக்கம்பக்கத்தில் கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. குட்டி யானை வண்டியில் ஏற்றி, பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்குத் தூக்கி வந்து இறக்கியபோது, "இது அடுப்பா, பீரோவா?" என்று கேட்டார் என் கணவர். கேட்டாரே தவிர, அதற்கென்று தனியாக லைன் இழுத்து, வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் போர்டில் தனி சுவிட்சும் போட்டுக் கொடுத்தது அவர்தான்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். மீசை முளைக்கும் முன்னே சேர்ந்தவர், இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு பெறப் போகிறவர். தகடு வெட்டும் பிரஸ் மெஷின்களுக்கு நடுவே வாழ்ந்தவர்களுக்கென்று ஒரு பெருமை உண்டு. கல்யாண வீடோ காதுகுத்தோ, நாலு பேர் சேர்ந்தால் போதும், இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டுவார். "எண்ணிக்கோ மச்சான். பத்தோட உள்ள போனேன், பத்தோட வெளிய வருவேன்." எனக்கு மானம் போகும். ஆனால் அவருடைய கூட்டாளிகள் யாரும் அதைக் கேட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்று பேர் தங்கள் கையைப் பையில் விட்டுக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஆயுத பூஜை என்றால் தீபாவளியெல்லாம் அப்புறம்தான். முதல்நாளே டூல் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். பூஜையன்று எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக உட்காரும். சந்தனம், குங்குமம், பூ, பொரி கடலை. கற்பூரம் காட்டியாகிவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை வரைக்கும் யாரும் அவற்றைத் தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டதற்கு, "தொட்டுப் பாரு, தெரியும்" என்றார். நான் தொட்டுப் பார்க்கவில்லை. என் மகளுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடிக்கும். கல்லூரிப் புத்தகங்களையெல்லாம் கொண்டுபோய் அடுக்கிவிட்டு, ஒரு நாள் முழுக்கப் படிப்பைத் தொடாமல் போனைத் தொட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் ஓவனுக்கும் பூஜை போட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். பூஜை என்றால் முதலில் சுத்தம். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக அப்பிக் கிடந்தது. அந்த ஓவனுக்குத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி உண்டு என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். பட்டனை அழுத்தினால் உள்ளே பயங்கரமாகச் சூடேறி, பிசுக்கெல்லாம் எரிந்து சாம்பலாகிவிடுமாம். அந்த நேரத்தில் யாரும் திறந்துவிடக்கூடாது என்று கதவு தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். சூடு ஆறிய பிறகு தானாகவே திறந்துகொள்ளுமாம். துடைக்காமல் கொள்ளாமல் சுத்தம் என்றால் யாருக்குக் கசக்கும்? முதல்நாள் கரண்ட் இல்லாததால் பூஜையன்று காலையிலேயே பட்டனை அழுத்தினேன். மேல் விளிம்பில் ஒரு கொக்கி 'டக்' என்று விழுந்தது. சாவி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

சூடு ஆறுவதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது. நல்ல நேரம் யாருக்காகவும் காத்திருக்காது, அவரும் காத்திருக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தோடு வீடெல்லாம் சுற்றி வந்தார். மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், தையல் மெஷின். ஒவ்வொன்றிலும் வேலை செய்கிற இடம் எதுவோ அங்கேதான் வைப்பார், சும்மா நெற்றியில் வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஓவனுக்கு முன்னால் வந்து நின்று யோசித்தார். கதவுக்கும் மேல் பலகைக்கும் இடையே கொக்கி இறங்கும் இடத்தில், கொழகொழவென்றிருந்த சந்தனத்தை ஒரு கை அள்ளி, விரலால் அழுத்தி உள்ளே திணித்தார். சூட்டில் 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது.

"பாத்தியா, ஏத்துக்கிச்சு" என்றார், முகமெல்லாம் பூரிப்பாக.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஓவன் கத்த ஆரம்பித்தது. பீப், பீப், பீப். சாவி விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் ஏதோ எழுத்தும் எண்ணும். உள்ளே சூடு நன்றாகவே ஆறியிருந்தது, கதவைத் தொட்டால் வெதுவெதுப்புதான். இழுத்தேன். மேல் விளிம்பு கொஞ்சம் அசைந்து கொடுத்தது, அதற்கு மேல் வரவில்லை. பூட்டு விடவில்லை என்று அந்த எழுத்துக்கு அர்த்தம் என்றாள் மகள்.

 மறுநாள் சாயங்காலம் கீழ் வீட்டுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள், கேக் நான் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பூந்தமல்லியில் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்குக்கு மகள் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, இன்னைக்கு எப்டிக்கா?" என்றான் அவன். "டூல்ஸ் பூரா சாமிகிட்ட கீது. நாளைக்கு மறுபூஜ போட்டுட்டு மொத வேலையா உங்க ஊட்டுக்குத்தான் வரேன். அதுக்குள்ள ஒண்ணு பண்ணுங்க. மெயின ஆஃப் பண்ணி, ஒரு பத்து நிமிசம் உட்டு ஆன் பண்ணுங்க. லாக்கு தானா ரிவர்ஸ் எட்துகினு வந்துரும். மொத வாட்டி வரலன்னா ரெண்டு மூணு வாட்டி பண்ணுங்க. ஆனா ஒண்ணு, கைய கிய உள்ள உட்ராதீங்க. மோட்டாரு சுண்டக்கா சைசுதான், ஆனா கியர் போட்டது. வெரலு மாட்டுச்சுன்னா உடாது."

"எனக்கே பாடம் எடுக்கறான் பாரு" என்று என் கணவர் சிரித்தார்.

அவன் சொன்னபடியே செய்தோம். மகள் வாசலுக்குப் போய் மெயினை அணைத்தாள். காத்திருந்து போட்டாள். மேலே மோட்டார் 'ர்ர்ர்' என்று உறுமியது, கொக்கி ஒரு நெல்லளவு அசைந்தது, நின்றுவிட்டது. மறுபடி பீப் பீப். கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. காலையில் திணித்த சந்தனம் அந்தச் சூட்டில் வெந்து, சிமெண்டாகி, கொக்கியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது.

மகள் இரண்டாவது முறை மெயினை அணைத்துவிட்டு, போனில் பத்து நிமிஷத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போர்டுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நானும் அவரும் சமையலறையில். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துக் குத்திப் பார்த்தேன், குச்சிதான் உடைந்தது. "ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தா ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"அது நாளைக்குத்தான்."

அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. "சந்தனத்த உள்ள கொண்டுபோய் அப்பத் தெரியுது, எடுக்கத் தெரியல. ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் பிரிச்சு மேயற ஆளு, ஊட்டுல ஒரு அடுப்புக் கதவத் தொறக்க வக்கில்ல" என்றேன்.

அவர் என்னை ஒதுக்கிவிட்டு ஓவன் முன்னால் வந்து நின்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "டூல தொட்டாத்தான் தப்பு. கைக்கு இன்னா? கதவ நல்லா இழுத்துப் புடி" என்றார்.

அடி அலமாரியில் ஒரு காலை உதைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தேன். மேலே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்தது. வலதுகை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதற்குள் விட்டு, நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. "வருது, வருது, இன்னும் இழு" என்றார். இழுத்தேன். திடீரென்று ஒரு பெரிய கட்டி உடைந்து விழுந்தது. கொக்கி துள்ளியது. என் கை வியர்வையில் வழுக்க, ஸ்பிரிங் கதவு திரும்பிப் போய் அவர் விரல்மேல் அடித்தது.

அவர் அலறவில்லை. 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான். நான் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். இடைவெளி மறுபடி விழுந்தது, விரல் வரவில்லை. கொக்கி இரண்டு விரல்களுக்கும் மேலே வளைந்து, கணுவுக்குப் பின்னால் குத்திக்கொண்டு நின்றது. வெளியே இழுக்க இழுக்க இன்னும் ஆழமாக இறங்கியது.

"அசையாதே" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. நான் இழுத்துப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் கதவு அவர் விரலை நசுக்காது. அவர் முகம் வெளுத்துவிட்டது. மீசையில் வியர்வை கோத்து நின்றது.

அப்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. மெயின். அலாரம் அடித்தால் மகள் எழுந்து சுவிட்சைப் போட்டுவிடுவாள். மோட்டார் உறுமும். கொக்கி இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் இருப்பது விரல்.

"மெயினப் போடாதடீ!" என்று கத்தினேன்.  தெருவில் எவனோ லாரிக்குப் பூசணிக்காய் உடைத்துச் சரவெடி கொளுத்தியிருந்தான். அம்மன் கோயில் ஒலிபெருக்கி வேறு. அவரும் பட்டறைக் குரலில் கத்தினார். அந்தக் குரலுக்குத் தெருமுனையில் நிற்பவன் திரும்புவான், காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கேட்கவில்லை. எத்தனை நிமிஷம் போயிருக்கும்? எனக்குக் கணக்குத் தெரியவில்லை. பாதி போயிருக்கலாம், முழுசும் போயிருக்கலாம்.

"உடு" என்றார்.

"எத?"

"கதவ உட்டுட்டு ஓடு. நான் தாங்கிக்கிறேன். ஓடுமே!"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன எதையும் நான் உடனே செய்ததில்லை. அன்று செய்தேன். கைப்பிடியை மெதுவாக விட்டேன். கதவு விரல்மேல் சாய்ந்தது. அவர் இடதுகையால் தோள்துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். நான் ஓடினேன். கூடத்தில் கால் கோலத்தில் வழுக்கி, சுவரில் மோதி, வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் எழுந்து நின்று, பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே சுவிட்சில் விரலை வைத்திருந்தாள்.

மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். "ம்மா, வலிக்குது!" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் இயர்போனைப் பிடுங்கினாள். ஒரே வரியில் சொன்னேன். அழுதுகொண்டே சமையலறைக்கு ஓடி, "நைனா, நைனா" என்றபடி கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள்.

நான் சமையலறைக்குப் போகவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். சமையலறையிலிருந்து பார்த்தால் அவருக்கு நான் நிற்பது தெரியும். வாழையிலையில் ஸ்பேனர்கள், கொறடு, சுத்தியல், அரம், ஏழெட்டு ஸ்குரூடிரைவர், எல்லாவற்றின் தலையிலும் சந்தனப் பொட்டு, செவ்வந்திப்பூ.

"அதுல கை வெக்காத!" என்றார். விரல் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த நிலையிலும். "சாமிகிட்ட கீது. வாணாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இலையையே சுருட்டி எறிந்திருப்பேன். ஆனால் கை நீளவில்லை. தொட்டுப் பாரு, தெரியும் என்று அவர் சொன்னது நிஜமாகவே பிடித்து நிறுத்தியது. இன்னும் ஏதாவது ஆகிவிட்டால்? ஏற்கெனவே ஆனது போதாதா? எனக்கு நானே அன்னியமாகத் தெரிந்தேன். 'தாயே, மன்னிச்சுக்கோ' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கைக்கு வந்த பெரிய ஸ்குரூடிரைவரை எடுத்தேன். பூ சரிந்து இலையில் விழுந்தது.

 சமையலறையிலிருந்து மெதுவாக அவர் குரல் வந்தது.

"அது இல்ல. அது நொழையாது. ஓரத்துல மஞ்சப் பிடி போட்டது, சின்னது. அத எட்தா."

பெரியதை வைத்துவிட்டு மஞ்சள் பிடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"கொக்கிக்கு அடியில உடு. என் வெரலப் பாக்காத, கொக்கியப் பாரு. வலது பக்கமா நெம்பு. மெல்ல." குரலில் நடுக்கம் இருந்தது, வார்த்தையில் இல்லை. நுனியை உள்ளே விட்டேன். அவர் தோலில் உரசிக்கொண்டுதான் போனது. நெம்பினேன். சந்தனம் நறநறத்தது. இன்னும் நெம்பினேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கொக்கி ஒருபக்கமாகச் சரிந்ததும் கதவு மொத்தமாகத் திறந்து அவள் முழங்காலில் விழுந்தது. அவர் கையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பிறகு நான்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு நகங்களும் கருநீலம். கணு பிளந்து ரத்தம். மடக்கச் சொன்னேன். ஒன்று மடங்கியது. மற்றது கொஞ்சம் அசைந்து நின்றது.

"கீது" என்றார். "ரெண்டும் கீது."

மாங்காடு ரோட்டில் பண்டிகைக்கும் திறந்திருந்த ஒரே ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நடுவிரலில் எலும்பு விரிசல். இரண்டையும் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். எங்கே அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, "அடுப்புல சார்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன். சண்டை போட எனக்கு ஆயிரம் இருந்தது. அவர் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டதைப் பார்த்த பிறகு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து மறுபூஜை போட்டார். இடதுகையாலேயே கற்பூரம் காட்டினார். விஜயதசமியன்று பூஜையிலிருந்து எடுக்கும் டூலால் ஒரு சின்ன வேலையாவது செய்து தொடங்க வேண்டும், வருஷம் தவறாமல் அவர் செய்வது அது. கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். மஞ்சள் பிடி ஸ்குரூடிரைவரை இடதுகையால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"மெக்கானிக்கு இன்னாத்துக்கு? மெயினு ஆஃப்லதான் கீது. நீயே பண்ணு" என்றார்.

தன் டூல் பெட்டியை நான் நகர்த்தி வைத்தால்கூடச் சத்தம் போடுகிற மனிதர். நான் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்து போட்டு, கொக்கியைச் சுற்றியிருந்த சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். ஊசியால் மூலையெல்லாம் குடைந்து, ஈரத்துணியால் துடைத்தேன். அவர் பக்கத்தில் நின்று, அங்கே இருக்கு, இங்கே இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொக்கி விரல் தொட்டாலே ஆடும் அளவுக்கு லேசானது. கதவை மூடினேன்.

"மெயினப் போடவாம்மா?" என்று வாசலிலிருந்து மகள் கேட்டாள். இந்த முறை அவள் காதில் எதுவும் இல்லை.

போடச் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் ஆள் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் எப்போது நகர்ந்தாரோ தெரியவில்லை, சமையலறை வாசல்படிக்கு அந்தப் பக்கம் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கண் மட்டும் ஓவன் மேல்.

"போடச் சொல்லேன், இன்னா பாக்கற?" என்றார்.

 முந்தின நாள் முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. நான் பேசிய பேச்சுதான் அந்தக் கையை அங்கே கொண்டுபோய் விட்டது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கொஞ்சம் இருடீ" என்று மகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு அவரிடம் போனேன். முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, கட்டுப் போட்ட கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். "இன்னாமே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

"இப்போ போடு" என்று கத்தினேன்.

மோட்டார் உறுமியது. அவர் கட்டுப் போட்ட கையை என் கைக்குள் இன்னும் அழுத்திக்கொண்டார். கொக்கி விலகி, சாவி விளக்கும் அணைந்துவிட்டது. "ஓகேவாம்மா?" என்று மகள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். நான் அந்தக் கையை விடவில்லை.